மாடா ஆடா என்று கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய படங்களை உன் வாப்பாவும் நானும் பார்த்தோம். நியூசிலாந்தில் உன் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து ஏக்கரில் மூன்று அங்கஸ் காளைகளை வளர்த்து, வருடத்துக்கு ஒன்றை வீட்டுக்கென்று அறுத்துக்கொள்கிறார், ஊருக்கு வந்ததும் நம் மூன்று ஏக்கரில் நாமும் அப்படிச் செய்யலாமே, ஒரு போர் போட்டுப் புல் வளர்த்தால் போதுமே என்று கேட்டிருந்தாய். நீ ஊருக்கு வரப்போகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். என்ன தின்று வளர்ந்த இறைச்சி என்று தெரிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறாய், அதுவும் நல்ல எண்ணம்தான். ஆனால் மாடு வேண்டாம் மகனே. ஆடு வளர்ப்போம்.

முதலில் சட்டம். அந்த ஊரில் வளர்த்தவர் தன் வீட்டுக்காக அறுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 1958ஆம் வருடச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது, அல்லது நிரந்தரமாக முடமாகிவிட்டது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம். எருமைக்கும் அதேதான். பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்று 1976இல் அரசாணையும் வந்தது. பக்ரீத்துக்குக் கொடுக்கிற குர்பானிக்கு மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்தால் போதும் என்கிறது மார்க்கம், பத்து வயது ஆகட்டும் என்கிறது சட்டம். ஒன்றரை இரண்டு வயதில் இளம் இறைச்சிக்காக ஒரு காளையை வளர்க்கிற பேச்சுக்கே இங்கே வழி இல்லை. அது தெரிந்து நாம் ஒரு கன்றைக் கட்டக் கூடாது.

சட்டம் விட்டாலும் நம் மண் விடாது. அதைத்தான் நீ முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர்தான். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதை மணல் மேடு குடித்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. அதனால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் இது தனியாக மிதந்து நிற்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி எடுக்கும்வரை இனிக்கும். மோட்டார் வைத்து ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலேறி வந்துவிடும். ஆழமாகப் போர் போட்டால் கேட்கவே வேண்டாம், நேராக உப்பில் போய் நிற்கும். உப்பு ஒருதரம் ஏறிவிட்டால் அது இறங்க எத்தனையோ மழைக்காலம் பார்க்க வேண்டும். நம் போர் நம் கிணற்றை மட்டும் கெடுக்காது, அக்கம்பக்கத்துக் குடிதண்ணீரையும் கெடுக்கும். அதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

இருநூற்றைம்பது கிலோ மாடு கோடையில் நாளைக்கு நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஆறு கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த தீவனம் தின்னும். மூன்று மாடு என்றால், புல் இல்லாத ஆறு மாதத்துக்கு மூன்று டன்னுக்கு மேல் வைக்கோல் வேண்டும். நம் பக்கம் வானம் பார்த்த நெல். மழை தவறினால் நெல்லோடு வைக்கோலும் போச்சு. அந்த வருடம் வண்டி வைத்து வெளியிலிருந்து வாங்கித்தான் மாட்டைக் காப்பாற்ற முடியும். உன் படத்தில் இருக்கிற பச்சை அங்கே அடிக்கடி பெய்கிற மழையின் பச்சை. இங்கே கார்த்திகையில் மூன்று ஏக்கரும் பச்சையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதே. ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மண்ணை வாரி வீசும்போது நிலத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ, எத்தனை உருப்படி வளர்க்கலாம் என்பதை அதுதான் சொல்ல வேண்டும்.

அந்த மாதங்களிலும் இங்கே மிஞ்சுவது தழையும் நெற்றும். உடைமரத்து நெற்று, வேலிக்கருவை நெற்று, வேப்பந்தழை, பூவரசு. வெள்ளாடு தலையைத் தூக்கித் தின்கிற பிராணி. புல் இல்லாவிட்டாலும் முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். தண்ணீரும் கோடையில் மூன்று நாலு லிட்டரில் முடிந்துவிடும், அதில் பாதி நம் வீட்டுக் கஞ்சித் தண்ணீர். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். வேலிக்கருவை நெற்றின் விதை ஆட்டின் வயிற்றில் சாகாது, புழுக்கையோடு விழுந்து முளைக்கும். மழை முடிந்ததும் நிலத்தைச் சுற்றி வந்து கன்றுகளைப் பிடுங்கிப் போடாவிட்டால் மூன்று ஏக்கரும் முள்ளுக்காடாகிவிடும்.

இங்கிருந்து தூத்துக்குடிக் கரைவரை இருக்கிற கொடி ஆட்டைத்தான் வாங்க வேண்டும். கால் நீண்டு, உயரமாக இருக்கும். வெள்ளையில் கறுப்புத் தெறித்தது கரும்போரை, சிவப்புத் தெறித்தது செம்போரை. இந்த வெயிலுக்கும் இந்தத் தீனிக்கும் பழகின ஆடு அது. தலைச்சேரி, போயர் என்கிற ஆட்டு இனங்களும் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன, அவற்றுக்குப் போடுகிற தீவனத்துக்கு நாம் எங்கே போவது? தாய் ஆடு இரண்டு போதும். சினை ஐந்து மாதம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து கிடைக்கும், ஈத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டி. கிடாயை வெளியில் தேடு. நம் வீட்டுக் கிடாயை அதன் தாயோடும் தங்கையோடும் சேர விட்டால் குட்டிகள் நோஞ்சானாகிவிடும். இறைச்சிக்கு விடுகிற கிடாய்க்குட்டிக்குச் சின்னதிலேயே விதை நீக்கிவிட்டால் முட்டாது, சதையும் நன்றாகப் பிடிக்கும், கிடாய் வாடையும் வராது. அது குர்பானிக்கும் ஆகும். குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமானது, இவைதான் ஆகாது. ஆட்டுக்கு வயது ஒன்று நிறைந்திருக்க வேண்டும்.

மழைக்காலம்தான் ஆட்டுக்கு ஆபத்து. காய்ந்து கிடந்த ஆடு முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்னும், ராத்திரியில் துள்ளி விழுந்து விடிவதற்குள் செத்துக் கிடக்கும். துள்ளுமாரி என்று அதற்குத்தான் பெயர். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும், முதல் புல்லில் காலையிலேயே அவிழ்த்துவிடக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி இருக்கிறது. குடற்புழு மருந்து கொடுத்த ஆட்டை உடனே அறுத்துவிடாதே, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டில் இருக்கும். சுத்தமான இறைச்சி வேண்டும் என்றுதானே வளர்க்கிறோம்.

அளவையும் யோசி. இருபது கிலோ ஆட்டில் எலும்போடு ஒன்பது பத்து கிலோ கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு நமக்கு, ஒரு பங்கு சொந்தங்களுக்கு, ஒரு பங்கு இல்லாதவர்களுக்கு என்று அன்றைக்கே பிரித்துவிடலாம். மீந்ததை மஞ்சளும் உப்பும் தடவி உப்புக்கண்டம் போட்டுக்கொள்வேன். ஒரு மாட்டின் இறைச்சியை வைக்க உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெரிய பிரீசர் இருக்கும். நமக்கு இங்கே மின்சாரம் போனால் அத்தனையும் வீண்.

கையால் வளர்த்ததை அறுக்க மனசு வராதே, பிள்ளைகள் அழுவார்களே என்று மருமகள் கேட்டாளாம். அழட்டும். அழாமல் தின்பதைவிட அது மேல். எந்தக் குட்டி எதற்கு என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடு, மறைக்காதே. அறுக்கிற அன்று வயிறாரத் தண்ணீர் காட்ட வேண்டும், அதன் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது, இன்னொரு ஆடு பார்க்க அறுக்கக் கூடாது. நம் பெரியவர்கள் கற்றுக்கொடுத்தது இது. பேரப்பிள்ளைகளுக்கு இதை நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சரி, இப்போது ஆக வேண்டியது. போருக்கென்று நீ எடுத்து வைத்த பணத்தைப் போரில் கொட்டாதே. இந்த ஐப்பசிக்கு வேலியோரம் கிளுவையிலும் பூவரசிலும் வெட்டிய கிளைப் போத்துகளை நட்டு, உள்ளே அகத்தி விதை போட்டுவிடுகிறோம். நீ வருவதற்குள் தழை ஒடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். கொட்டிலுக்கு மேட்டு மணலாகப் பார்த்து உன் வாப்பா இடம் குறித்திருக்கிறார். கூரைக்கு ஓலையா தகரமா என்று அவர் கேட்கச் சொன்னார், பதில் போடு.

துஆவுடன்,
உன் உம்மா
பெரியபட்டினம்