சவூதிப் பெண்களின் உரிமை எண்ணெய் தந்த கொடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சவூதி அரேபியாவின் பொருளாதார வளர்ச்சியையும் அங்குள்ள பெண்களின் முன்னேற்றத்தையும் இணைத்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எண்ணெயால் நாடு செழித்தது, செழிப்பால் பெண்கள் படித்தார்கள், படிப்பால் உரிமை பெற்றார்கள் என்ற வரிசையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். 1996 முதல் 2009 வரை தம்மாம் நகரில் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு, அந்த வரிசை நான் கண்டதோடும் ஊர் திரும்பிய பின் தொடர்ந்து படித்ததோடும் பொருந்தவில்லை.

தம்மாமை ஒட்டிய தஹ்ரானில், ஏழாம் எண் கிணற்றில்தான் 1938 மார்ச் மாதம் அந்நாட்டின் எண்ணெய் முதன்முதலாக வணிக அளவில் பீறிட்டது. நான் அங்கு இருந்த காலத்தில், எண்ணெய் நிறுவனத்தாரின் குடியிருப்பு வளாகத்துக்குள் பெண்கள் கார் ஓட்டிச் செல்வார்கள். அதே பெண் வளாக வாயிலைத் தாண்டி ஊருக்குள் போக வேண்டுமானால் ஓர் ஆண் வந்து ஓட்ட வேண்டும். காரும் இருந்தது, எரிபொருள் தண்ணீரைப் போல மலிவாகக் கிடைத்தது, ஓட்டத் தெரிந்த கைகளும் இருந்தன. அனுமதி ஒன்றுதான் இல்லை.

என் மனத்திலிருந்து நீங்காத இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதை நெருங்கிய பள்ளி ஆசிரியை ஒருவர் கருப்பை அறுவைச் சிகிச்சைக்காக எங்கள் பிரிவில் சேர்ந்திருந்தார். கணவரை இழந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் சொந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். ஒப்புதல் படிவத்தில் அவர் தெளிவாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தும், அவருடைய மகனின் கையெழுத்து வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகம் கேட்டது. கல்லூரி மாணவனான அந்தப் பையன் வேறு ஊரிலிருந்து வந்து சேரும்வரை சிகிச்சை தள்ளிப்போனது. வயது வந்த பெண்ணின் ஒப்புதலே போதும் என்பதுதான் அந்நாட்டு மருத்துவ விதி என்று பின்னாளில் அறிந்தேன். விதியில் இல்லாததையும் வழக்கம் கேட்டது. அந்த வழக்கத்தை எதிர்த்து முறையிட அந்த அம்மாவுக்கு இடமில்லை. படிவத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்கியவள் நான்தான்.

எண்ணெய்ப் பணம் பெண்களைப் படிக்க வைத்தது உண்மை. 1960-இல் அரசாணை மூலம் தொடங்கப்பட்ட பெண்கள் பள்ளிகள் அந்தப் பணத்தில்தான் நாடு முழுவதும் பரவின. ஆனால், அதே பணம்தான் படித்த பெண்களை வீட்டிலேயே நெடுங்காலம் இருத்தவும் செய்தது. 1973-இல் எண்ணெய் விலை ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அரசு அந்த வருவாயை ஆண்களுக்கான அரசு வேலைகளாகவும் மானியங்களாகவும் பகிர்ந்தளித்தது. ஒரு சம்பளத்தில் குடும்பம் வசதியாக வாழ முடிந்ததால், பெண்ணின் உழைப்பு அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குத் தேவைப்படவே இல்லை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைக்கேல் ராஸ் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. எண்ணெய் ஏற்றுமதியால் நாணய மதிப்பு உயரும்போது, துணி, ஆயத்த ஆடை போன்ற, பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்கும் தொழில்கள் முளைவிடாமலே போகின்றன என்பது அவருடைய வாதம். எண்ணெய் வளம் மிகுந்த அல்ஜீரியாவையும், அவ்வளம் குறைந்த மொராக்கோவையும் துனிசியாவையும் அவர் ஒப்பிடுகிறார். மதமும் பண்பாடும் ஒத்த அண்டை நாடுகளாக இருந்தும், பெண்கள் ஆலைகளுக்கும் அரசியலுக்கும் அதிகமாக வந்தது பின்னிரண்டு நாடுகளில்தான். எல்லாவற்றுக்கும் மதத்தின் மீதே பழியைப் போட்டுவிட்டு எண்ணெயைத் தப்பவிடும் எழுத்துகளுக்கு இது தக்க மறுமொழி என்று கருதுகிறேன்.

பெண்கள் ஓட்டக் கூடாது என்பதால் அந்நாட்டு வீடுகளுக்கு ஓட்டுநர்கள் தேவைப்பட்டார்கள். நம் ஊர்களிலிருந்து ‘ஹவுஸ் டிரைவர்’ விசாவில் போன இளைஞர்களின் பிழைப்பு அந்தத் தடையை நம்பித்தான் இருந்தது. அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே எழுந்த வீடுகளை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

இனி, சர்வதேச முயற்சிகளுக்கு வருகிறேன். பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை, ‘சீடா’ என்று சுருக்கமாக வழங்கப்படுவதை, ஐ.நா. பொதுச் சபை 1979 டிசம்பரில் ஏற்றது. சவூதி அரேபியா 2000-ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. ஆனால் இஸ்லாமியச் சட்ட நெறிகளுக்கு முரணாகும் எந்தப் பிரிவும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற பொதுவான விலக்குடன் இணைந்தது. எந்தப் பிரிவு முரணானது என்று முடிவு செய்வதும் அந்த அரசே என்பதால், ஐரோப்பிய நாடுகள் பல முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தன. (நம் நாடும் 1993-இல் இதே உடன்படிக்கையை ஏற்றபோது, சமூகங்களின் தனிநபர் விவகாரங்களில் அவற்றின் இசைவின்றித் தலையிடுவதில்லை என்று ஓர் அறிவிப்பைச் சேர்த்துக்கொண்டது. இதை மறைத்துவிட்டுப் பிறரைப் பேசுவது முறையாகாது.) 2008-இல் சவூதி அரசின் அறிக்கையை முதன்முறையாக ஆராய்ந்த உடன்படிக்கைக் குழு, பெண்ணின் முக்கிய முடிவுகளுக்குத் தந்தை, கணவர், மகன் போன்ற ஓர் ஆணின் அனுமதி வேண்டும் என்ற ஆண் காப்பாளர் முறையை உடனடியாக ஒழிக்க நடவடிக்கை எடுக்குமாறு பரிந்துரைத்தது. உடனே எதுவும் நடந்துவிடவில்லை. இதைக் கொண்டு ஐ.நா. உடன்படிக்கைகள் வெறும் காகிதம் என்று கட்டுரையாளர் ஒரு வரியில் தள்ளிவிடுகிறார். அங்குதான் நான் அவரோடு உறுதியாக முரண்படுகிறேன்.

அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொள்ள அந்நாட்டிலேயே பெண்கள் இருந்தார்கள். 1990 நவம்பர் 6 அன்று ரியாத் தெருக்களில் 47 பெண்கள் தாமே கார் ஓட்டிச் சென்று, அதற்காகக் கடவுச்சீட்டையும் அரசு வேலையையும் இழந்தார்கள். சவூதி அரேபியா அப்போது சீடாவில் இணைந்திருக்கவில்லை என்பதால், அவர்களுக்குத் துணையாகக் காட்ட அந்த உடன்படிக்கையும் இல்லை. 2016-இல் ஆண் காப்பாளர் முறையை எதிர்த்துப் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு அரசவைக்குச் சென்றபோது, அதே கோரிக்கையை ஐ.நா. குழுவும் எழுத்தில் வைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் அக்குழு ஜெனீவாவில் சவூதி நிலையை மறுபடி ஆராய்ந்தபோது, லூஜைன் அல் ஹத்லூல் என்ற இளம்பெண் அங்கு நேரில் சென்றிருந்தார். 2014-இல் எமிரேட்ஸ் எல்லையிலிருந்து கார் ஓட்டிவர முயன்று 73 நாள் சிறையிலிருந்தவர் அவர்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு நூறு டாலருக்கும் மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே போயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில், எண்ணெயை மட்டும் நம்பியிருக்கும் நிலையை மாற்றுவதற்கான ‘விஷன் 2030’ திட்டம் அறிவிக்கப்பட்டது. பெண்களின் தொழிலாளர் பங்கேற்பை 22 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்குகளில் ஒன்று. ஆகவே, பெண்ணின் உழைப்பு நாட்டுக்குத் தேவைப்பட்டது எண்ணெய் கொழித்தபோது அன்று. எண்ணெய் கைவிடத் தொடங்கியபோதுதான். 2018 ஜூன் 24 அன்று பெண்கள் கார் ஓட்டும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மே மாதத்தில், அந்த உரிமையைக் கேட்டுப் போராடியவர்களை அரசு கைது செய்தது. லூஜைன் 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். வந்த பின்னும் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. வாயிலைத் திறந்துவிட்டு, தட்டியவர்களைச் சிறையில் வைத்ததன் பொருள், இது கேட்டுப் பெற்றதாக இருக்கக் கூடாது, கொடுத்ததாகவே இருக்க வேண்டும் என்பதுதான்.

2019-இல் 21 வயதைக் கடந்த பெண்கள் காப்பாளர் அனுமதியின்றிக் கடவுச்சீட்டு பெறலாம் என்று வந்த ஆணையை நான் மனமார வரவேற்றவள். பங்கேற்பு விகிதமும் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்த குடும்பங்களின் பெண்கள் இன்று வேலைக்குப் போவதும் உண்மை. ஆனால், 2022-இல் வந்த தனிநபர் சட்டத்தின்படி மணமகளுக்காகத் திருமண ஒப்பந்தம் செய்துவைக்க இன்றும் ஆண் காப்பாளர் வேண்டும். கணவனுக்குக் கட்டுப்பட மறுக்கும் மனைவி ஜீவனாம்ச உரிமையை இழக்க நேரிடலாம். இந்த நிலையில், 2024 மார்ச்சில் ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையத்துக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு சவூதி அரேபியாவுக்குப் போட்டியின்றிக் கிடைத்தது. சர்வதேச அமைப்புகளும் விழுக்காட்டைப் பார்த்து மயங்கிவிட்டனவோ என்ற என் கவலை அன்று தொடங்கியது.

எண்ணெய் கிடைத்தாலே பெண்களுக்குக் கேடு என்றும் நான் சொல்லவில்லை. நார்வேயில் 1969-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் இருந்த அவர்களுக்கு, வருவாயை எப்படிச் செலவிடுவது என்ற பேச்சில் இடம் இருந்தது.

கட்டுரையில் ஒரு சொல்லும் இடம்பெறாதவர்கள் வீட்டுப் பணிப்பெண்கள். சவூதிப் பெண் அலுவலகம் செல்லும்போது அவருடைய குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், நம் ஆட்கள் ‘கத்தாமா விசா’ என்று சொல்லும் விசாவில் வந்த இன்னொரு பெண். 2021-இல் அயல்நாட்டுத் தொழிலாளர் வேலை மாறுவதற்கான விதிகள் தளர்த்தப்பட்டபோது இவர்களுக்கு அச்சலுகை கிடைக்கவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கையைச் சவூதி அரேபியா ஏற்கவில்லை. இந்தியாவும் இலங்கையும்கூட ஏற்கவில்லை. இலங்கையின் மூதூரிலிருந்து, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் பணிப்பெண்ணாகப் போன ஏழைச் சிறுமி, தன் பொறுப்பில் இருந்த கைக்குழந்தையின் இறப்புக்காகக் குற்றம் சாட்டப்பட்டபோது அவளுக்கு வயது பதினேழு. 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. விசாரணையின் தொடக்கத்தில் அவளுக்கு வழக்கறிஞரும் இல்லை, தமிழை முறையாக மொழிபெயர்க்கத் தகுந்தவரும் இல்லை.

ஆகவே, ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளைகுடா நாடுகளின் பெண் முன்னேற்றம் பற்றி இனி வெளியிடும் கட்டுரைகளில், வேலைக்குச் செல்லும் பெண்களின் விழுக்காட்டோடு, அந்நாடுகள் சீடாவில் வைத்திருக்கும் விலக்குகளையும், உரிமை கேட்டதற்காகப் பயணத் தடையில் இருப்போரின் நிலையையும், நம் ஊர்களிலிருந்து போன பணிப்பெண்களுக்கு அங்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்.