அப்பாவுக்கு, துவாஸிலிருந்து

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமா? சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாம். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இது அவ்வளவு சுகமாக இல்லை. அதைப் போனில் சொல்லவும் முடியவில்லை. அறையில் 12 பேர், அதில் 7 பேர் இப்போது என்னிடம் வேலை செய்கிறவர்கள். அதனால்தான் கடிதம்.

ஆறு வருடம் கம்பி கட்டிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. யாராவது மெதுவாகக் கட்டினால் கொறடை வாங்கி நானே உட்கார்ந்துவிடுவேன். அப்படி ஒரு பீமை முடித்து நிமிர்ந்தால், அந்தப் பக்கம் 16 எம்எம் கம்பி போட வேண்டிய இடத்தில் 13 போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். மொத்தத்தையும் அவிழ்த்தோம். இன்ஜினியர் சத்தம் போடுகிறவர் இல்லை. "உனக்குக் கட்டவா சம்பளம், பார்க்கவா?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் வேலைக்கு முன் டூல்பாக்ஸ் மீட்டிங். எல்லோரையும் நிறுத்தி, இன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று நான் சொல்ல வேண்டும். முதல் நாள் குரலே வரவில்லை. "கங்காணி பேசுறாரு, கேளுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

போன புதன்கிழமை நடந்ததுதான் மனதில் கிடக்கிறது. ஒரத்தநாட்டு அண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, எனக்குக் கொறடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். சாரத்தின் மேல் நிற்கிறார், பெல்ட் போட்டிருக்கிறார், கொக்கியை மாட்டவில்லை. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடமென்றால் இங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. அந்தச் சீட்டுக்கு எழுதிக் கொடுப்பது இப்போது நான். "அண்ணே, கொக்கி" என்றேன். "மாட்டுறேன்டா" என்றார். மாட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் எல்லோர் முன்னாலும் "கீழே இறங்குங்க" என்றேன். அன்று முழுக்கத் தரையில் கம்பி வளைக்க விட்டேன்.

செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டில் எப்போதும் என் பக்கம் ஊறுகாய் பாட்டிலைத் தள்ளுகிறவர், அன்று மூடியைத் திருகி அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் காலை, "சார், லாரி வந்துடுச்சு" என்றார். டா போய் சார் வந்துவிட்டது.

இன்று தேக்கா போய்ப் பணம் அனுப்பியாச்சு. இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அம்மாவின் முட்டிவலிக்கு டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் மேஸ்திரியாக இருந்தபோது சித்தப்பாவும் உங்களிடம்தானே வேலை பார்த்தார்? தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை என்று அவர் கட்டிய சுவரை நீங்கள் இடிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. அன்று சாயங்காலமே இரண்டு பேரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். முதலில் யார் பேசினது, என்ன பேசினீர்கள்? போனில் வேண்டாம், எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்