அறங்காவலர்களே, பணம் கேட்பதும் உங்கள் வேலைதான்

தமிழ்நாட்டின் சிறிய அறக்கட்டளைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் அறங்காவலர்களாகவும் நிர்வாகக் குழு உறுப்பினர்களாகவும் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் கிராமக் குழந்தைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் தொண்டு நிறுவனங்களில் பல வருடமாக ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். இந்த மடல் எந்த ஒரு நிறுவனத்தையும் மனத்தில் வைத்து எழுதியதல்ல. பக்கத்து மாவட்டங்களில் இதே வேலையில் இருப்பவர்களோடு பேசும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான் வருகிறது. டீச்சர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, டோனர் (நன்கொடை தருபவர்) இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார், அடுத்து யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இதெல்லாம் டிரஸ்டிகளுக்குத் தெரியுமா என்று கேட்டால், "கூட்டத்தில் சொன்னோம்" என்பார்கள். சொன்னோம் என்பதோடு அது முடிந்துபோகிறது.

நிதி திரட்டுவது ஆபீஸ் வேலை, கையெழுத்துப் போடுவது டிரஸ்டி வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இந்த ஏற்பாடு இனி ஓடாது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

முன்பு ஓடியதற்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டு உதவி பெறும் பெரிய நிறுவனம் ஒன்று சென்னையிலோ மதுரையிலோ இருக்கும். அது தனக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை நம் போன்ற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வழி அடைபட்டது. வெளிநாட்டுப் பணத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பையும் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். சிறிய அமைப்புகள் பலவற்றுக்கு அன்றைக்கு விழுந்த பள்ளம் இன்னும் மூடவில்லை.

சரி, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அப்படி ஒரு கடமையை வைத்திருக்கிறது. 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்கப் போகும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பொதுவாக மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். இது முடிந்தாலும், கம்பெனி அதிகாரியின் அறைக்குள் ஓர் ஒருங்கிணைப்பாளர் தனியாகப் போனால் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஊரில் முப்பது வருடம் டாக்டராகவோ தலைமை ஆசிரியராகவோ வியாபாரியாகவோ பெயரெடுத்த ஒரு டிரஸ்டி கூட வந்தால் பேச்சே வேறு. "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது" என்று அவர்கள் சொல்லும்போது, அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்குத்தான், ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று எடுத்துச் சொல்ல அந்தப் பெரிய மனிதர் வேண்டும். நான் சொன்னால் அது கெஞ்சலாகப் படுகிறது.

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வாங்கித் தரும் 80ஜி ரசீதும் முன்போல் ஆளை இழுப்பதில்லை. புதிய வருமான வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, மாதச் சம்பளக்காரர்கள் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ஆகவே வரி மிச்சமாகும் என்று சொல்லிக் கேட்கிற காலம் போய்க்கொண்டிருக்கிறது. வேலையைச் சொல்லி, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த முகம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலையைப் பிடி அரிசிப் பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள், அது பள்ளிக்குப் போனது. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். மகமையைக் கொடுத்தவர்களும் வசூலித்தவர்களும் கணக்குப் பார்த்தவர்களும் அதே சமூகத்து ஆட்கள்தான். பணம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது, அதனால் அடுத்த வருடமும் கொடுத்தார்கள். நிர்வாகம் செய்கிறவர் முதலில் தான் கொடுக்க வேண்டும், பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே இருந்த பழக்கம். நாம்தான் அதை வெளியூர்ப் பணம் வந்த காலத்தில் கைவிட்டோம்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் திட்டமிடுதல் வருகிறது, இதில் கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள். ஒரு மாலை நேர மையத்தை எடுத்துக்கொள்வோம், 30 குழந்தைகள். உதாரணத்துக்கு, டீச்சருக்கு மாதம் 6,000 ரூபாய். 22 நாள் சுண்டலுக்கு, தலைக்கு 10 ரூபாய் வீதம் 6,600. வாடகையும் கரண்டும் 1,500. நோட்டு, புத்தகம் 1,000. மொத்தம் 15,100. டோனரிடம் நாம் கொடுக்கும் பட்ஜெட் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். மையங்களைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளரின் சம்பளமும் பஸ் செலவும் இந்த மையத்தின் பங்குக்கு 2,500, கணக்கர், ஆடிட்டர் செலவில் பங்கு 900 என்று வைத்தால் உண்மையான செலவு 18,500 ரூபாய். மாதம் 3,400 துண்டு விழுகிறது. வருடத்துக்கு 40,800. ஐந்து மையம் நடத்தினால் 2,04,000. டீச்சர்களின் சம்பள பாக்கி எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்தில் நீங்கள் கேட்பீர்களே, இங்கிருந்துதான் வருகிறது. மையம் கூடக் கூட இந்தப் பள்ளமும் கூடும். இது தெரியாமல் ஆறாவது மையத்துக்குத் தீர்மானம் போடுகிறோம்.

இதற்கு வழி இருக்கிறது. ஒன்பது டிரஸ்டிகள் இருக்கும் அமைப்பில் ஆளுக்குப் பத்துப் பேரைப் பிடித்து, மாதம் 500 ரூபாய் தானாகவே போகும்படி யு.பி.ஐ. ஆட்டோபேயில் போடச் சொன்னால் மாதம் 45,000. வருடத்துக்கு 5,40,000. மேலே சொன்ன பள்ளத்தை மூடி மிச்சமும் இருக்கும். அந்தப் பத்துப் பேர் கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டியதில்லை. உங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உங்கள் மாணவர், துபாயில் இருக்கும் தங்கை மகன் (இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முறையான வங்கி வழியில் அனுப்பும் சொந்தச் சேமிப்பு வெளிநாட்டு உதவிக் கணக்கில் வராது, இதையும் பலர் தெரியாமல் தவிர்க்கிறார்கள்). கொடுத்தவர்களுக்கு ரசீது உடனே போக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன நடந்தது என்று இரண்டு பத்தி போக வேண்டும். அது எங்கள் வேலை, நாங்கள் செய்கிறோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி கிடைக்காது என்பதையும், நன்கொடை விவரத்தை வருமான வரித் துறையின் 10பி.டி. படிவத்தில் மே 31-க்குள் ஏற்றாவிட்டால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம் என்பதையும் நீங்களும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

அப்புறம், எந்த வேலையை நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் நீங்கள் வேண்டும். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை 5 முதல் 7 மணி வரை, அதே ஊரில், அதே பிள்ளைகளுக்கு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது, அடுத்த வருடம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இரண்டும் நல்ல திட்டங்கள், நாம் பல வருடம் கேட்டவை. அவை வந்த அன்றைக்கே, நம் மையம் இனி யாருக்கு, எதற்கு என்று ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கா, பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கா, மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கா? போன வருட அறிக்கையில் தேதியை மாற்றி இந்த வருடத் திட்டமாக்குவது ஊழியருக்கு எளிது. அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு மட்டும்தான் உண்டு.

கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மினிட்ஸ் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும் வழக்கத்தை நிறுத்துங்கள். 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கறையோடு அறங்காவலர் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அது தனியார் அறக்கட்டளைகளுக்கான சட்டம் என்று ஆடிட்டர் சொல்வார். சரிதான், ஆனால் ஊர்ப் பணத்தை அதைவிடக் குறைந்த அக்கறையோடு பார்த்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? உடம்பு முடியாதவர்கள், வெளியூர் போய்விட்டவர்கள் மனவருத்தம் இல்லாமல் விலகிக்கொள்ளட்டும். அந்த இடத்துக்கு நம் மையத்தில் படித்து இன்று வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கொண்டு வாருங்கள். கணக்கு தெரிந்த ஒருவரையும், நிறுவனருக்குச் சொந்தக்காரராக இல்லாத ஒருவரையும் கொண்டு வாருங்கள். நிறுவனர் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. அவர் ஒருவரின் போன் நம்பரை நம்பியே இத்தனை குடும்பங்களின் சம்பளம் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரலுக்கு முன் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வங்கியில் இன்று இருக்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும் என்று கேளுங்கள், ஒவ்வொரு மையத்தின் முழுச் செலவையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், 80ஜி ஒப்புதல் என்றைக்கு முடிகிறது, புதுப்பிக்க ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்தாகிவிட்டதா என்று பாருங்கள். டீச்சர்களில் இரண்டு பேரையாவது அன்றைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவிடுங்கள். எழுந்து போகும் முன் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதிக் கொடுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு ஒருங்கிணைப்பாளர்