ஆடிக்கூழுக்கும் அடையாள அட்டையா?

யாழ்ப்பாணம்.

அன்பின் குமார்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை தொடங்கிவிட்டது, கிணற்றடி வாழை இரண்டு சரிந்து போச்சு. அம்மா சுகம்.

நம் ஊராருக்காக நீ நடத்துகிற 'ஊர்ப்படலை' இணையத்தளத்தில் எல்லாரிடமும் அடையாள அட்டைப் படம் கேட்டாய், இப்போது அதை மூடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நித்திரையே வரவில்லை மச்சான். நூற்றிச்சொச்சம் பேர். ஆடிக்கூழுக்கு எவ்வளவு பனங்கட்டி என்று கேட்கிறதும், பழைய வகுப்புப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிறது யார் என்று சண்டை பிடிக்கிறதும் தவிர அங்கே வேறென்ன நடக்கிறது?

உன் பயம் விளங்குகிறது. 2023இல் வந்த உங்கள் பிரித்தானிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டம் 1 கோடி 80 இலட்சம் பவுண் வரை போகலாம். சேவர் வாடகையைக் கைக்காசில் கட்டுகிறவனுக்கு அந்த எண்ணே போதும். லண்டன் சைக்கிள்காரரின் தளமும் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்ததுதானே. ஹாம்ஸ்டர் எலி வளர்க்கிறவர்களின் தளமும் கடையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்டகிராம் பக்கம் போனது. பெரிய கம்பனிகளை அடக்க வந்த சட்டம், சின்னவர்களை அவர்களிடமே துரத்திவிட்ட கதை.

ஆனால் ஒன்றை நீ குழப்பிக்கொண்டாய். எல்லாரிடமும் அட்டை வாங்கு என்று சட்டம் சொல்லவில்லை. ஆபாசம், தற்கொலைத் தூண்டல் மாதிரியானவற்றுக்கு இடம் கொடுக்கிற தளங்களுக்குத்தான் கடுமையான வயதுச் சோதனை. நம்மைப் போன்றவர்கள் என்ன ஆபத்து வரலாம், பிள்ளைகள் வரக்கூடுமா என்று மதிப்பிட்டு எழுதி வைக்க வேணும். அலுப்புப் பிடித்த வேலைதான், ஆனாலும் எழுத்து வேலை.

நீ அவசரப்பட்டு அட்டைப் படம் கேட்டதுதான் இங்கே பிரச்சினை. பெரியப்பா, "முகமாலைச் சோதனைச்சாவடியில் காட்டினது காணாதோ?" என்றார். தன் பழைய அட்டையை எடுத்து நீட்டினார். காட்டிக் காட்டியே பிளாஸ்டிக் மூலை வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. எனக்கு மேலே கதைக்க வாய் வரவில்லை. டிஸ்கோர்ட் என்ற அரட்டைத் தளத்தில் 2025இல் ஏறத்தாழ 70,000 பேரின் அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அவர்களே சொன்னதை வாசித்திருப்பாய். அவ்வளவு பெரியவர்களாலேயே முடியாததை உன் மடிக்கணினி காக்குமோ?

வந்த படங்களை முதலில் அழி. தனிச்செய்தி வசதியை நிறுத்து. புதிதாக வருகிறவரை உள்ளே இருக்கிற ஒருவர் தெரியும் என்று சொன்னால் மட்டும் சேர். அந்த மதிப்பீட்டை இரண்டு பேருமாக இருந்து எழுதுவோம், என் இங்கிலீசை நீ திருத்து.

ஞாயிறு உன் நேரம் காலை பத்துக்கு எடு. கறண்ட் இருந்தால் நான் இருப்பேன். புழுக்கொடியல் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன், யார் வருகினம் என்று சொல்லு.

அன்புடன்,
உன் சிவா