மகளுக்கு: தேனிலவுக்கு பொலோன்யா போங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நானும் அம்மாவும் பார்த்தோம். பாரிஸ், சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன், கிரேக்கத்தில் சாந்தோரினி, ஸ்பெயினில் சான் செபஸ்தியான். நான்கும் நல்ல ஊர்கள்தான். ஆனால் நிச்சயம் ஆன நாளிலிருந்து நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான் என்று அம்மா சொல்கிறாள். அப்படிப்பட்ட இரண்டு பேர் பகலெல்லாம் மலை முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, ராத்திரி எங்கே சாப்பிடுவது என்று தேடி அலையக் கூடாது. அதனால் பட்டியலில் இல்லாத ஓர் ஊரை நான் சொல்கிறேன். இத்தாலியில் பொலோன்யா. அங்கே ஒரே அறையில் தங்குங்கள். மோதெனா, பார்மா, ரவென்னா எல்லாம் ரயிலில் போய் அன்றைக்கே திரும்பக்கூடிய தூரம்.

நான் கப்பலில் இருந்த காலத்தில் ரவென்னா துறைமுகத்துக்கு வந்து போயிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் சஸ்ஸுவோலோ என்று ஓர் ஊர், தரையில் பதிக்கும் ஓடுகளுக்குப் பேர்போனது. அதற்கு வேண்டிய களிமண் ரவென்னாவில்தான் இறங்கும். மழை வந்தால் சரக்கு இறக்குவதை நிறுத்தி மூடிபோட்டு மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஊரைப் பார்க்கக் கிடைக்கும். ஐரோப்பாவில் பல துறைமுகங்களில் கால் வைத்திருக்கிறேன். சாப்பாட்டை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற சனங்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் பார்க்கவேண்டிய இடம் இது என்று நான் சொல்வதற்குக் காரணம், அங்கே நல்ல பொருள் எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார்கள். வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

மோதெனாவின் வினிகரைச் சொல்கிறேன், அப்போது உனக்குப் புரியும். திராட்சையைப் பிழிந்த சாற்றைத் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைப்பார்கள். பிறகு அது பீப்பாய்க்குப் போகும். ஒரு பீப்பாய் இல்லை. பெரிதிலிருந்து சிறிதாக ஒரு வரிசை. ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். அந்த வரிசை வீட்டின் மச்சில்தான் இருக்கும். கோடையில் வெந்து, குளிர்காலத்தில் குளிர்ந்து, அந்த மாற்றத்திலேயே சாறு கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கெட்டியாகும். வருடத்துக்கு ஒருமுறை கடைசியில் இருக்கும் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். எடுத்த இடத்தை முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு முந்தையதிலிருந்து. முதல் பீப்பாயில் அந்த வருடத்துப் புதுச்சாறு போய்ச் சேரும். 12 வருடமாவது ஆகாமல் அதைப் பாரம்பரிய பால்சமிக் என்று விற்கக் கூடாது. 25 வருடம் ஆனதற்குத் தனிப் பெயர், ‘எக்ஸ்த்ராவெக்கியோ’.

அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் அவள் பெயரில் ஒரு பீப்பாய் வரிசை தொடங்குவார்கள். அவள் கல்யாணமாகிப் போகும்போது அது சீதனமாகக் கூடவே போகும். பிறந்தபோது ஊற்றிய சாறு, அவள் புகுந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொட்டும். நீ கல்யாணம் முடிந்த கையோடு அந்த மச்சுகளில் ஒன்றில் மாப்பிள்ளையோடு ஏறி நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ‘அசெத்தாயா’ என்பார்கள் அந்த இடத்தை. பல குடும்பங்கள் முன்பே எழுதிக் கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள், கரண்டியில் ஊற்றிச் சுவைக்கவும் தருகிறார்கள். வாங்கும்போது மட்டும் கவனம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பால்சமிக்கில் ஒயின் வினிகர் கலந்திருக்கும், இரண்டு மாதத்தில்கூடத் தயாராகிவிடும். பாரம்பரிய வகை, உருண்டை வயிறும் நீள்சதுர அடிப்பாகமும் கொண்ட 100 மில்லி குப்பியில் வரும். விலை அதிகம்தான். ஆனால் இதைச் சாலடில் கொட்ட மாட்டார்கள். பாலாடைக்கட்டித் துண்டின்மேல், வெனிலா ஐஸ்க்ரீமின்மேல் ஓரிரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

பாலாடைக்கட்டி என்றதும் நினைவு வருகிறது. பார்மிஜானோ செய்வதைப் பார்க்கவேண்டுமென்றால் விடிந்ததும் கிளம்ப வேண்டும். கல்யாணமான புதிதில் யார் அவ்வளவு சீக்கிரம் எழுவது என்று நீ கேட்பாய். ஒரே ஒரு நாள் எழுந்துவிடுங்கள். முந்தைய நாள் சாயங்காலப் பாலில் ஏடு எடுத்துவிட்டு, அன்றைய காலைப் பாலோடு சேர்த்துச் செம்புக் கொப்பரையில் ஊற்றிவிடுவார்கள். திரிந்ததும் அடியில் படிந்த கட்டியைத் துணியில் ஏந்தி இரண்டு பேர் தூக்குவார்கள். அந்தக் காட்சிக்காகவே போகலாம். சுமார் 40 கிலோ உள்ள ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் போகிறது. உப்புத் தண்ணீரில் ஊறிய பிறகு குறைந்தது 12 மாதம் அலமாரியில் இருக்கும். வருடம் முடிந்ததும் ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு வட்டையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். தேறியதற்குத்தான் சூட்டு முத்திரை. இந்த வட்டுகளை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும் வங்கியும் அங்கே இருக்கிறது. 24 மாதம், 36 மாதம் ஆனதை அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். 36-இல் பல்லில் நறநறவென்று படிகம் தட்டுப்படும்.

இனி பொலோன்யா. அங்கே இறங்கியதும் ‘ஸ்பாகெட்டி பொலொனேஸ்’ என்று கேட்காதே, நல்ல கடையில் அது இருக்காது. அங்கே உள்ளது தல்யத்தெல்லே. முட்டையும் மாவும் மட்டும் சேர்த்துப் பிசைந்து, பெண்கள் நீளமான கட்டையால் உருட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கி, நாடாவாக வெட்டியது. அதன்மேல் நெடுநேரம் வெந்த ரகூ என்கிற இறைச்சிக் குழம்பு. வெந்த நாடா 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று 1972-இல் ஊர் வணிகச் சங்கத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். ரகூவின் செய்முறையை 1982-இல் பதிந்தார்கள். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிடு: ரகூவில் மாட்டிறைச்சியும் பன்றிக் கொழுப்பிறைச்சியும் இரண்டும் சேரும். அவர் மாட்டிறைச்சி தொடமாட்டார் என்று சம்பந்தியம்மா சொன்னதாக நினைவு. அதனால் அங்கே போய்ச் சங்கடப்படாமல் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். மாவுக்குள் பூரணம் வைத்து மடித்து, சூப்பில் மிதந்துவரும் தொர்தெல்லினியும் அப்படித்தான், உள்ளே பன்றி இறைச்சி, சூப்பும் இறைச்சிச் சூப்பு.

அதற்காக அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை, வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத நீயும் கிடக்கப் போவதில்லை. தொர்தெல்லோனி என்று பெரிய வகை ஒன்று உண்டு. உள்ளே ரிக்கோத்தா என்கிற மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். ஃபெர்ராரா ஊர்ப் பக்கம் பரங்கிக்காயைப் பாலாடைக்கட்டியோடு மசித்து உள்ளே வைத்துச் செய்வார்கள். லேசான இனிப்போடு இருக்கும், உனக்கு நிச்சயம் பிடிக்கும். ஒன்று மட்டும்: பார்மிஜானோவைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைத்தான் சேர்க்கிறார்கள். வெள்ளிக்கிழமையில் அது உனக்குச் சரியா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

மத்தியானம் ஒரு நாள் ஓட்டலுக்குப் போகாதீர்கள். பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் குவாத்ரிலாத்தெரோ என்று குறுகிய சந்துகள். மீன், பழம், ஹாம், ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் தோளோடு தோள் இடிக்கும் கடைகளில் அடுக்கியிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு ‘ஒஸ்தெரியா தெல் சோலே’ போங்கள். 1465-இலிருந்து நடக்கிற கடை. அங்கே சாப்பாடு விற்கமாட்டார்கள். குடிப்பதற்கு மட்டும் அங்கே வாங்கவேண்டும், சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். பக்கத்து மேசையில் கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். இனிப்புக்கு அமரெத்தி கேட்டு வாங்கு. பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. நம் தூத்துக்குடி மக்ரூனுக்கு முந்திரி போடுகிறோம், அவர்கள் பாதாம் போடுகிறார்கள். கடித்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

தேனிலவுக்கு ஏற்ற ஊரா இது என்று உன் தோழிகள் கேட்கலாம். கடல் கிடையாது, பனிமலை கிடையாது. சிவப்புச் செங்கல் ஊர். 1088-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கே பார்த்தாலும் மாணவர்கள், சுவரெல்லாம் கிறுக்கல். ஆனால் தெருவோரமெல்லாம் கூரை போட்ட தூண் வராந்தாக்கள். நடு ஊரில் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மழை கொட்டினாலும் குடை இல்லாமல் இருவர் கைகோத்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பலாம். சான் லூக்கா கோயிலுக்கு மலைமேல் ஏறும் வராந்தாவுக்கு மட்டும் 666 வளைவுகள். ஒரு காலையில் ஏறுங்கள், முந்தைய ராத்திரி சாப்பிட்டது செரித்துவிடும். பெரிய சதுக்கத்தில் பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. ஒருவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெல்லப் பேசினால், எதிர் மூலையில் சுவரைப் பார்த்து நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளிடம் பாதிரியார் தள்ளி நின்று பாவசங்கீர்த்தனம் கேட்பதற்குப் பயன்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் இருவரும் அங்கே என்ன பேசிக்கொள்வீர்கள் என்பது உங்கள் விஷயம். சாய்ந்த இரட்டைக் கோபுரத்தில் ஏறலாம் என்று மட்டும் எண்ணிப் போகாதே. சின்னக் கோபுரம் மேலும் சாய்கிறது என்று 2023-இல் சுற்றி அடைத்துவிட்டார்கள், பலப்படுத்தும் வேலை நீண்ட நாள் பிடிக்கும்.

ரவென்னாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. இதை நான் என் பழைய துறைமுகம் என்பதற்காகச் சொல்லவில்லை. கல்லா பிளாசிதியா கல்லறை என்று சின்னச் செங்கல் கட்டடம் ஒன்று. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே போனால் மேலே முழுக்கக் கருநீலம், அதில் தங்க நட்சத்திரங்கள், எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லு. வெளியே வந்ததும் தெருக்கடையில் பியதீனா வாங்குங்கள். சூடான கல்லில் சுட்ட மெல்லிய ரொட்டி, உள்ளே ஸ்குவாக்கெரோனே என்கிற இளகிய பாலாடைக்கட்டியும் ரூக்கோலா கீரையும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், கேட்டு வாங்கு. நேரம் இருந்தால் பக்கத்தில் செர்வியா. அங்கே உப்பளம் இருக்கிறது! அவர்கள் உப்பில் கசப்புக் குறைவு என்பதால் ‘இனிப்பு உப்பு’ என்று பெயர். பாத்தி கட்டிக் கடல் தண்ணீரை வெயிலில் காயவிடுவதைப் பார்த்தபோது எனக்கு முத்தையாபுரம் பக்கம் நிற்பதுபோலவே இருந்தது.

உன் பட்டியலில் இருந்த சான் செபஸ்தியானை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நெத்திலி, ஆலிவ், பச்சை மிளகாய் மூன்றையும் ஒரே குச்சியில் கோத்துத் தருகிற அந்த ஒரு வாய்க்காகவே போகலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு கடையிலும் நெரிசலில் நின்றுகொண்டே ஒன்றிரண்டு சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகவேண்டும். நண்பர்கள் கூட்டமாகப் போக அது பொருத்தம். கல்யாணமான முதல் மாதம் உட்கார்ந்து, ஒரு தட்டைப் பகிர்ந்து, அடுத்தது வரும்வரை பேசிக்கொண்டிருக்கும் மேசை வேண்டும். ஐந்தாம் வருடக் கல்யாண நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஐந்து நாடு காட்டும் சுற்றுலா பேக்கேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மாடி. பஸ்ஸிலேயே பாதி தேனிலவு போய்விடும்.

அக்டோபர் நல்ல மாதம். திராட்சை பிழிந்த புதிது, பரங்கிக்காய்க் காலம், சூப்புக்கு ஏற்ற குளிர். நவம்பரை ஒட்டிப் போனால் மலைப்பக்கம் வெள்ளை ட்ரஃபிள் என்கிற நிலத்தடிக் காளானும் கிடைக்கும். ஆகஸ்ட்டில் பாதிக் கடைகள் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் இரண்டரைக்குச் சமையலறை மூடினால் சாயங்காலம் ஏழரை வரை திறக்காது, அதற்குத் தக்கபடி பசியை வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒரு தொகை இருந்தால் ஏமாற்று என்று எண்ணாதே, மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்குவது இத்தாலி என்பதால் இத்தாலிக்கே போடு. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கட்டாயம். கல்யாணம் ஆனதும் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற ஓடாதே, டிக்கெட்டும் விசாவும் பழைய பெயரில் இருக்கும். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம். துபாய் வழியாக பொலோன்யாவுக்கே விமானம் உண்டு.

மோதெனா மச்சுக்கும் பார்மா பால் பட்டறைக்கும் முதலில் தேதி வாங்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையைக் கேட்டு எந்த வாரம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், ரயில் நேரங்களை நான் பார்த்து எழுதி வைக்கிறேன். பார்மிஜானோவைக் காற்றுப் புகாமல் அடைத்து வாங்கிவரச் சொல்லச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
அப்பா