தைலம் எட்டாத இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீமோவால் உதிரும் முடிக்கு மூலிகைத் தைலம் தடவச் சொல்லி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவள் நான். 17ஆம் நாள் காலையில் தலையணையெல்லாம் முடி. அன்று முதல் யார் எதைச் சொன்னாலும் தடவினேன். வெங்காயச் சாறு ஒரே வாரத்தில் தலையைப் புண்ணாக்கிவிட்டது. இரத்தத்தில் வெள்ளணு குறைந்திருந்த சமயம் அது. அந்தப் புண் வழியாகக் கிருமி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

முடி கொட்டுவது தலை வறண்டுபோனதால் அல்ல. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அழிப்பதுதான் கீமோ மருந்தின் வேலை. நம் தலைமுடியில் ஏறக்குறைய 90 சதவீதம் எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அதன் வேர்க்குமிழும் மருந்துக்கு இலக்காகிவிடுகிறது. மருந்து இரத்தத்தோடு உள்ளிருந்து வருகிறது. மேலே பூசும் தைலம் அதை எப்படி மறிக்கும்? கட்டுரையாளர் மேற்கோள் காட்டிய 2015 ரோஸ்மேரி எண்ணெய் ஆய்வு, பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரிடம் செய்தது. கீமோ எடுப்பவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. பாக்லிடாக்சல் பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. என் முடியைக் கொட்டவைத்ததே ஒரு மரத்தின் சாரம்தான்.

உண்மையில் பலன் காட்டியிருப்பது, ஊசி ஏறும்போது தலையைக் குளிர்விக்கும் தொப்பி. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வேருக்கு மருந்து குறைவாகப் போகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தொப்பி அணிந்த 101 பெண்களில் 67 பேருக்குப் பாதி முடியாவது மிஞ்சியது. அணியாத 16 பேரில் ஒருவருக்கும் மிஞ்சவில்லை. எல்லா மருந்துக்கும் இது ஒரேபோலப் பலிக்காது. இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதும் இல்லை. ஆனால் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்த நான்காம் மாதம் எனக்கு முடி முளைத்தது. அதற்குள் தைலங்களையெல்லாம் நிறுத்தியிருந்தேன். தடவிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பெயர் தைலத்துக்குப் போயிருக்கும்.

எதைத் தடவுவதானாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தடவச் சொல்லி, அடுத்த இதழிலேயே ஒரு குறிப்பு வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையைப் படித்த கையோடு தைலப் புட்டியைத் திறக்கப்போகும் ஒரு பெண்ணை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி