அந்தப் பக்கத்தைத் திறக்க விடுங்கள்: மாவட்ட நூலக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் நூலக ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும். நூலகத்தின் பெயரில் இன்ஸ்டாகிராம் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவையும் கலைத்துவிடுங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து போனில் சொன்னார்கள். நூலகர் மறுபேச்சு பேசவில்லை, அன்று மாலையே இரண்டையும் எடுத்துவிட்டார். அவற்றைத் திரும்பத் திறக்க அனுமதி கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யாராவது பார்த்தீர்களா? பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் நடத்தினார்கள். புத்தகத்தின் கடைசியில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்குமே, அதைத்தான் படம் பிடிப்பார்கள். ஒருநாள் ஒரு பழைய சோவியத் மொழிபெயர்ப்பு, அட்டை பிய்ந்து பைண்டிங் போட்டது, சீட்டில் கடைசி முத்திரை 2009 மார்ச். மங்கிப்போன அந்த ஊதா மையின் மேல் ஒரு விரல், கூடவே ஒரு பெண்பிள்ளையின் குரல்: "நான் பிறந்த வருஷத்துக்கு அப்புறம் இதை யாருமே எடுக்கல. நாளைக்கு யார் எடுக்கப்போறீங்க?" இருபது வினாடி, அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் மூன்று பையன்கள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்து நின்றார்கள். காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள், அப்புறம் நாள் முழுக்க குரூப் 4க்குப் படிப்பவர்கள், இவர்களைத் தவிர அந்த வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே உள்ளே வந்ததை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவின் கதை வேறு. எங்கள் நூலகருக்குப் பக்கத்து ஊர் நூலகமும் கூடுதல் பொறுப்பு, அதை அவர் தலையில் வைத்தது நீங்கள்தான். எந்த நாள் இங்கே இருப்பார், எந்த நாள் அங்கே போவார் என்று அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். 'இன்று மாலை திறந்திருக்கும்' என்று காலையில் குழுவில் ஒரு வரி போடுவார். குழு கலைந்த மறுவாரம், ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து படிக்கும் ஒரு பெண், ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள், மறுபடியும் பூட்டு. நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போட முடியுமா என்று பார்த்தாள், முடியவில்லை. அடுத்த பஸ் ஆறே முக்காலுக்கு. இருட்டும் வரை அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வரி செய்தி போதுமாக இருந்தது, ஐயா. அதைத்தான் நிறுத்தினீர்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் என்றால், அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. அதனால்தான் கணக்கு நூலகத்தின் பெயரில் இருந்தது, கடவுச்சொல் நூலகரிடம் மட்டும் இருந்தது, எந்தப் பிள்ளையின் முகமும் பெயரும் ஒரு படத்தில்கூடக் கிடையாது, கையும் புத்தகமும்தான். தனிப்பட்ட செய்திகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம். இன்னும் என்ன விதி வேண்டுமோ எழுதிக் கொடுங்கள், ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறோம். விதி போடுவதை விட்டுவிட்டு மூடச் சொன்னதுதான் வலிக்கிறது.

நியூயார்க் பொது நூலகம் 2018லேயே இன்ஸ்டாகிராமில் முழு நாவல்களைப் படிக்கக் கொடுத்தது. அவ்வளவு தூரம் எதற்கு, 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களே, அது நம் மண்ணில் நடந்தது. நூலகத்துக்கு வராத ஆளைத் தேடி நூலகம் போனது. இன்றைக்கு அந்த ஆள் பதினாறு வயதில் போனுக்குள் இருக்கிறான். அங்கே போகாமல் வேறு எங்கே போய் அவனைக் கூப்பிடுவது?

இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறது. 1948இலேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலத்தில், எங்கள் கிளையில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்க இன்னும் வழியில்லை. மேற்குப் பக்க அலமாரிக்கு மேலே கூரை ஒழுகி நாலு வருஷம் ஆகிறது, எத்தனை மனு கொடுத்திருப்போம்! அதற்கெல்லாம் வராத போன் இதற்கு மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டதே என்று கோபம் வருகிறது, மறைக்கவில்லை. சரி, கூரையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த மடலில் கேட்பது ஒன்றுதான்: பக்கத்தையும் குழுவையும் திரும்ப நடத்த விடுங்கள்.

இதில் அவசரம் ஒன்றும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கணக்கை நீக்கச் சொன்னால் முப்பது நாள் வரைதான் திரும்ப எடுக்க முடியும், அதன் பிறகு அந்தத் தேதிச் சீட்டுப் படங்கள் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. தயவுசெய்து நூலகருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தில் ஒருவன்